பச்சை டிக்கும் காலி ஃபோல்டரும்

“…அதெல்லாஞ் சரிங்ணா, பச்சை டிக்கு உழுகுதுங்கறீங்க. உழுகட்டும். ஊட்டுல வெளக்கு எரிஞ்சா உள்ள ஆளிருக்குதுன்னு அர்த்தமாங்க?”

இதைக் கேட்டவர் துளசிமணி. கிணத்துக்கடவில் தென்னை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஓர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் களப்பணி பார்ப்பவர். கேட்கப்பட்டவன் நான். கேட்டுவிட்டு அவர் ஒரு காரியம் செய்தார். அதைக் கடைசியில்தான் சொல்லப் போகிறேன். முதலிலேயே சொன்னால், நான் எவ்வளவு பெரிய அறிவாளி என்பதை முழுதாகத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு உங்களுக்கு இல்லாமல் போய்விடும்.

நம் பீளமேட்டுக் கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, நீங்கள் எல்லோரும் படித்துவிட்டு வந்தவர்கள். நான் படிக்காமல் வந்தவன். மில்லில் ஃபிட்டராக இருந்தேன். அங்கே டைம் ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது அதைத் தொடப் பயப்படாத ஒரே ஆள் நான்தான். காரணம் தைரியம் இல்லை; கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்த ஒரு தெரியாமையை வைத்துக்கொண்டே முப்பது வருஷம் ஓட்டிவிட்டேன். ஓய்வு பெற்றபின் ‘உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்கிறீர்கள். நல்லபடியாக முடிந்த வேலைகள் எனக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை. வாங்கிக் கட்டிக்கொண்டது மட்டும் தேதி கிழமையோடு நினைவிருக்கிறது. அதில் ஒன்று இது.

கிணத்துக்கடவு ஆபீசில் ஐந்து கம்ப்யூட்டர். காசு கொடுத்து வாங்க வேண்டாத இயங்குதளம். எல்லாம் நான் போட்டுக் கொடுத்தது. உங்களுக்கே தெரியும், அதில் ஒருவர் முதன்முதலாக உள்ளே நுழைந்ததும், யாரும் கேட்காமலே அவருக்கென்று சில ஃபோல்டர்களை அதுவே உண்டாக்கி வைத்துவிடும். படத்துக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, இறக்கியதைப் போட ஒன்று, ஆவணங்களுக்கு ஒன்று. கல்யாணப் பெண்ணுக்குச் சீர் வருவது மாதிரி, வேண்டுமா வேண்டாமா என்று கேட்காமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். நுழைகிறவர் இங்கிலீஷில் நுழைந்தால் பெயரெல்லாம் இங்கிலீஷில், தமிழில் நுழைந்தால் தமிழில். அந்த ஆபீஸ் அப்போது இங்கிலீஷில் இருந்தது. ஆகவே எல்லோருடைய வேலையும் ‘டாக்குமெண்ட்ஸ்’ என்ற ஃபோல்டருக்குள் இருந்தது.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த ஃபோல்டரைத் தனியாக ஒரு டிஸ்க்கில் தானாகவே நகல் எடுக்கும்படி கம்ப்யூட்டருக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தேன். இடம் மிச்சமாகட்டும் என்று அதில் ஒரு சாமர்த்தியமும் செய்தேன். இங்கே இருப்பது அங்கேயும் இருக்க வேண்டும்; இங்கே இல்லாதது அங்கேயும் இருக்கக் கூடாது. நகல் முடிந்ததும் என் போனுக்கு ஒரு பச்சை டிக் வரும். அந்த டிக்கைப் பார்த்துவிட்டுத்தான் சாயங்கால டீயே குடிப்பேன்.

எல்லாம் இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது நிறுவனத்தின் தலைவர் ஒரு நாள் கூப்பிட்டார். அறுபது ஏக்கர் தோப்புக்காரர். பேச்சில் வயசுக்கும் ஆளுக்கும் வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் ‘ங்க’ போடுகிறவர்.

“ஏனுங்க தம்பி, இந்தப் பொட்டியெல்லாம் தமிழ்ல பேசாதுங்களா? நம்ம புள்ளைங்க பாவம், ஒவ்வொண்ணையும் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பாக்குதுங்க.”

“பேசுமுங்க. அரை நாள் வேலைங்க,” என்றேன். தெரிந்ததைச் சொன்னால் அரை நாள். தெரியாததையும் சேர்த்திருந்தால் ஒரு வாரம் என்று சொல்லியிருப்பேன்.

மாற்றிக் கொடுத்தேன். பட்டன், மெனு, கடிகாரம் எல்லாம் தமிழ். தலைவர் ஒரு சால்வை போர்த்தினார். தேங்காய்ப்பால் ரசத்தோடு சாப்பாடு. தமிழுக்குச் செய்த தொண்டைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இருபது நிமிஷம் பேசினேன்.

மறுநாள் காலையில் நான் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருக்கிறேன், துளசிமணியிடமிருந்து போன்.

“ஏனுங்ணா, உள்ள போனதும் என்னமோ கேக்குதுங்க. பேரெல்லாம் தமிழுக்கு மாத்தட்டுமான்னு. கீழ இன்னொரு வரி பொடி எழுத்துல இருக்குதுங்க. படிக்கட்டுங்களா?”

பஸ் வந்துவிட்டது. கூட்டம். “அது கேக்கறதுக்கெல்லாம் ஆமான்னு குடுங்க அம்மணி!” என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

அந்தப் பொடி எழுத்து வரி என்ன தெரியுமா? ‘ஏற்கெனவே இருக்கும் கோப்புகள் இடம் மாற்றப்படா.’ அதாவது புதுப் பெயரில் புது ஃபோல்டர் வரும். பழைய சாமான் பழைய இடத்திலேயே கிடக்கும். இந்த வரியை எழுதிய புண்ணியவான் எந்த நாட்டில் இருக்கிறானோ, நான் இப்படித்தான் பஸ் ஏறுவேன் என்று தெரிந்தே எழுதியிருக்கிறான்.

ஒரு மணி நேரத்தில் மறுபடி போன். “அண்ணா, ஆவணங்கள்னு புதுசா ஒண்ணு வந்துருக்குதுங்க. உள்ள ஒண்ணுமே இல்லீங்க.” பழைய ‘டாக்குமெண்ட்ஸ்’ அங்கேயே இருக்கும், பாருங்கள் என்றேன். பார்த்தார். இருந்தது. அன்றைக்கே ஐந்து மேசைக்கும் போய், எல்லோருடைய ஃபைல்களையும் பழையதிலிருந்து புதியதற்கு அவரே மாற்றி வைத்துவிட்டார். “ரெண்டு ஊட்டுல சாமானத்தை வெச்சுட்டு யாருங்க அலையறது? எல்லாத்தையும் புது ஊட்டுக்கே மாத்திப்போட்டேனுங்க.”

“சபாஷ் அம்மணி!” என்றேன். மனசாரச் சொன்னேன்.

இப்போது கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். சாயங்காலம் ஐந்து மணி. என் ஸ்கிரிப்டுக்குத் தெரிந்தது ‘டாக்குமெண்ட்ஸ்’ என்ற ஒரே பெயர். அது போய்ப் பார்க்கிறது. உள்ளே காலி. இங்கே இல்லாதது அங்கேயும் இருக்கக் கூடாது அல்லவா? என் சாமர்த்தியம் தன் வேலையைச் செய்தது. நகல் டிஸ்க்கில் இருந்த அத்தனையையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு, எனக்குப் பச்சை டிக் அனுப்பியது. நான் டீ குடித்தேன்.

நாலு மாதம் தினமும் குடித்தேன்.

அந்த நாலு மாதத்தில்தான் துளசிமணி தன் பெரிய வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் தென்னைக்கு வேர் வாடல் நோய் என்று ஒன்று வந்திருக்கிறது. மட்டை தொங்கும், ஓலை மஞ்சளாகும், குரும்பை உதிரும். ஒரு மரத்துக்கு வந்தால் பக்கத்து மரத்துக்குத் தாவும். முப்பத்தெட்டுத் தோப்புகளுக்கு நடந்து, மரத்துக்கு மரம் பெயிண்டில் நம்பர் போட்டு, எந்த நம்பருக்கு நோய் எவ்வளவு என்று பட்டியல் எடுத்தார். வேளாண்மைத் துறைக் குழு ஒரு வெள்ளிக்கிழமை வந்து அந்தப் பட்டியலை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. பட்டியலில் இருக்கும் தோப்புக்கு இந்தப் பருவத்தில் நோய் மரத்தை வெட்டிவிட்டு நடுவதற்குப் புது நாற்று கிடைக்கும். இல்லாதவர் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை நோய் காத்திருக்காது.

தோப்பில் அவர் குறிப்பெழுதிய நோட்டுகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. ஒரு தடவை போயிருந்தபோது கேட்டார், “இதெல்லாம் டைப் அடிச்சாச்சுங்ணா. எடைக்குப் போட்டுறலாமுங்களா?”

“தாராளமாப் போடுங்க. அதான் தெனமும் பேக்கப் ஆகுதுல்ல!” இதைச் சொன்ன வாய் இதோ இந்த வாய்தான். அன்றைக்கே பெட்டி பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது.

குழு வருவதற்கு முந்தைய திங்கட்கிழமை காலை துளசிமணியின் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. மற்ற நாலும் நன்றாக ஓடுகின்றன. நான் போய்ப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. நானோ விசிலடிக்காத குறையாகப் புது டிஸ்க்கை மாட்டினேன். “எதுக்குங்க அம்மணி பயப்படறீங்க? நகல் இருக்குது. பத்தே நிமிஷம்.”

எல்லாம் போட்டு, அவர் பெயரில் உள்ளே நுழைந்தேன். திரையில் வரிசையாகப் புது ஃபோல்டர்கள் தானாக வந்து நின்றன. படங்கள், இசை, ஆவணங்கள்… அச்சுப் பிழை ஒன்றில்லாத அழகான தமிழ். எல்லாம் காலி.

பிறகு நகல் டிஸ்க்கைத் திறந்தேன். அதுவும் காலி.

மூன்று முறை மூடித் திறந்தேன். காலி ஃபோல்டரைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கும் பழக்கம், சாவி தொலைத்தவன் அதே சட்டைப் பையைத் துழாவுவது போன்றது. துளசிமணி என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

செத்த டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கோட்டைமேட்டுக்கு ஓடினேன். அங்கே ஒரு சந்தில் டிஸ்க் வைத்தியர் ஒருவர் இருக்கிறார். ‘பாய்’ என்றே இருபது வருஷமாகக் கூப்பிட்டுப் பழகிவிட்டது. டிஸ்க்கை ஓட்டிக் காதோடு வைத்துக் கேட்டார். உள்ளே டிக், டிக் என்றது.

“அண்ணே, பத்து நாளாச்சும் வேணும். அப்பவும் நிச்சயம் சொல்ல மாட்டேன், அல்லா விட்ட வழி. நகல் வெச்சிருப்பீங்கள்ல?”

“வெச்சிருந்தேன் பாய்.”

“வெச்சீங்க, சரி. என்னைக்காச்சும் எடுத்துப் பாத்தீங்களா?”

அவர் எனக்கும் ஒரு டீ சொன்னார். அதைக் குடிக்கவில்லை.

அன்று பிற்பகலே கிணத்துக்கடவு திரும்பிவிட்டேன். இங்கே உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வழியில் எனக்கு நிறையச் சாக்குகள் தோன்றின. கரண்ட் ஏறி இறங்கியது, டிஸ்க் கம்பெனி சரியில்லை, ஃபைலை இடம் மாற்றச் சொன்னது யார்… கடைசிச் சாக்கு ரொம்ப வசதியானது. துளசிமணிதானே மாற்றினார்? அதைச் சொன்னால் அங்கே யாருக்கும் மறுக்கத் தெரியாது. ஈச்சனாரி தாண்டும்வரை அந்த வாக்கியத்தை வாய்க்குள் வைத்துச் சப்பிக்கொண்டே வந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆபீஸ் படியேறும்போது, ‘சபாஷ் அம்மணி’ என்று நான் சொன்னது எனக்கே காதில் கேட்டது.

தலைவர் முன்னால் நின்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். பெயரை மட்டும் நம்பி ஸ்கிரிப்ட் எழுதியது நான், பொடி எழுத்தைப் படிக்க விடாமல் ஆமாம் கொடுக்கச் சொன்னது நான், நோட்டை எடைக்குப் போடச் சொன்னதும் நான்.

கொங்கு மரியாதையில் அடி வாங்கியிருக்கிறீர்களா? ஒவ்வொரு அடிக்கும் ஒரு ‘ங்க’ இருக்கும். “உங்களைத் தப்புச் சொல்லலீங்க தம்பி. மனுசனுக்கு மறதி சகஜமுங்க. முப்பத்தெட்டுக் குடும்பமுங்க, வேறொண்ணுமில்லீங்க. காப்பி சாப்புடறீங்களா?”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வழி சொன்னது துளசிமணிதான். ஒவ்வொரு தோப்பும் முடிந்ததும் அந்தத் தோப்புக்கான பக்கத்தை மட்டும் அச்செடுத்து, ‘சரிபார்த்துக்குங்க’ என்று தோப்புக்காரரிடம் கொடுத்துவிட்டு வருவது அவர் வழக்கம். ஒருவருடைய மரத்தை அவரைக் கேட்காமல் நோயாளி என்று எழுதக் கூடாது என்பது அவர் கட்சி. “காயிதம் அவங்கவங்க ஊட்டுல இருக்கோணுமுங்க. வாங்க, போயித் தேடலாம்.”

செவ்வாயும் புதனும் அவர் ஸ்கூட்டியின் பின்னால் நான் உட்கார்ந்து போனேன். தொழில்நுட்ப ஆலோசகர் என்று கார்டு அடித்து வைத்திருந்தவன், வீடு வீடாகப் போய், “ஏனுங்க, ஒரு காயிதம் குடுத்திருந்தோம்…” என்று நின்றேன். அந்தக் காகிதங்கள் இருந்த இடங்களைக் கேளுங்கள். காலண்டருக்குப் பின்னால், மோட்டார் ரூம் சுவிட்ச் பெட்டிக்குள், முருகன் படத்துக்கு அடியில் விபூதியோடு. ஒரு வீட்டில் பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட்டிருந்தார்கள். பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு வெளிப்பக்கம் நாற்பத்திரண்டு நோய் மரங்கள். அந்த வீட்டம்மா கேட்டார், “கம்ப்யூட்டர்ல வெச்சிருக்கறோம்னு சொன்னீங்களே, தொலைஞ்சு போச்சுங்களா?”

“ஆமாங்க.”

“நாங்க நோட்டுக்குப் போட்டு வெச்சது நல்லதாப் போச்சு பாருங்க.”

முப்பத்தொரு தோப்பின் காகிதம் கிடைத்தது. ஏழு கிடைக்கவில்லை. அந்த ஏழு தோப்புக்கும் மறுபடி நடக்க வேண்டியிருந்தது. மரத்தில் நம்பர் இருந்ததால் பிழைத்தோம். துளசிமணி அண்ணாந்து பார்த்துச் சொல்வார், நான் எழுதுவேன். நடுவில் ஒரு மரத்தில் சாய்ந்து நின்றேன். அது கட்டெறும்புகளின் தலைமை அலுவலகம். என் துள்ளலைப் பார்த்து, திங்கட்கிழமைக்குப் பிறகு முதன்முதலாக அவர் சிரித்தார்.

“எறும்புக்கு நீங்க ஆமான்னு குடுக்கலீங்களாட்ட இருக்குதுங்ணா.”

வியாழக்கிழமை காலைக்குள் பக்கத்து மேசை ஈஸ்வரனும் மற்றவர்களும் சேர்ந்து எல்லாவற்றையும் டைப் அடித்து முடித்தார்கள். பட்டியல் துளசிமணியின் கம்ப்யூட்டரில், ‘ஆவணங்கள்’ ஃபோல்டரில் மறுபடி முழுதாக உட்கார்ந்தது. அவர்கள் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது நான் ஸ்கிரிப்டைத் திருத்தினேன். திருத்தம் மூன்றே வரி. ஒவ்வொருவருடைய வீட்டு ஃபோல்டரிலும், ‘இவருடைய ஆவணங்கள் இன்ன இடத்தில் இருக்கின்றன’ என்று கம்ப்யூட்டரே ஒரு சின்னக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. மொழி மாறினால் குறிப்பும் மாறும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போக வேண்டும். நானாக ஒரு பெயரை நினைத்துக்கொண்டு போகக் கூடாது. முதல் நாளிலிருந்தே அந்தக் குறிப்பு அங்கேதான் இருந்தது. கேட்பாரில்லாமல் இருந்தது. கூடவே, காலியாக இருப்பதைப் பார்த்தால் துடைக்காதே, என்னைக் கூப்பிடு என்றும் ஒரு வரி சேர்த்தேன்.

ஓட்டினேன். ஐந்து கம்ப்யூட்டருக்கும் ஐந்து பச்சை டிக் வந்தன. எனக்குப் பழைய குணம் திரும்பிவிட்டது. நாற்காலியில் சாய்ந்து, “அம்மணி, இனி நீங்க நிம்மதியா இருக்கலாமுங்க. பாருங்க, பச்சை டிக்கு. நாளைக்குக் குழு வரட்டும்,” என்று ஆரம்பித்து, நகல் எடுப்பதன் மேன்மை பற்றிக் கொஞ்சம் பேசவும் தொடங்கினேன். சால்வை ஒன்றுதான் குறை.

துளசிமணி குறுக்கே பேசவில்லை. மேசையில் இருந்த காகிதங்களை எல்லாம் தட்டி அடுக்கி, தன் ஒயர் கூடைக்குள் வைத்து, கூடையைக் காலுக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டார். அதற்குப் பிறகுதான் சொன்னார், பச்சை டிக்கு விழட்டும், வீட்டில் விளக்கு எரிந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தமா என்று.

எனக்குச் சொலவடைகள் என்றால் உயிர். எங்கே கேட்டாலும் எழுதி வைத்துக்கொள்வேன். பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

நான் முதல் வார்த்தை எழுதுவதற்குள் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முப்பத்தெட்டுத் தோப்பின் பட்டியலையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, அழித்தார். குப்பைத் தொட்டியைத் திறந்து, அதையும் காலி செய்தார். ‘நிரந்தரமாக அழிக்கவா?’ என்று திரை கேட்டது. பொடி எழுத்து உட்பட முழுதும் வாய்விட்டுப் படித்தார். பிறகு ஆமாம் கொடுத்தார். கீபோர்டை என் பக்கம் தள்ளினார்.

“இப்பக் கொண்டாங்க பாக்கலாம்.”

ஈஸ்வரன் தண்ணீர் குடிப்பதைப் பாதியில் நிறுத்தினார். பாஸ்வேர்டை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவை உள்ளே போய், நகல் டிஸ்க்கைத் திறந்து, திரும்பக் கொண்டுவரும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ‘ஆவணங்கள்’ உள்ளே பட்டியல் வந்திருந்தது.

துளசிமணி அதைத் திறந்தார். ஒரு தோப்பு விடாமல் கீழே கீழே போய், கடைசித் தோப்பின் கடைசி மரத்தின் நம்பரைக் கூடையிலிருந்த காகிதத்தோடு ஒத்துப் பார்த்தார். தலையை ஒரு தடவை ஆட்டினார். எழுந்தார். இதோ சபாஷ் சொல்லப்போகிறார் என்று நான் முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

அவர் நேரே பக்கத்து மேசைக்குப் போய், “ஏனுங்க ஈஸ்வரண்ணா, கொஞ்சம் எந்திரிங்க,” என்று சொல்லி, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அழிக்க ஆரம்பித்தார்.